மத்திய அமெரிக்காவின் எல் சால்வடார் நாட்டுக் கால்பந்து வீரர் மாகிகோ கொன்சாலஸை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்?

கப்பல்காரன்:
நேரில் பார்த்ததில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுவரில்தான் பார்த்தேன்.

2009-ல் எங்கள் கப்பல் ஸ்பெயினின் காடிஸ் துறைமுகத்தில் பழுதுபார்க்க டிரை டாக் (தண்ணீர் வடித்த கப்பல்துறை) ஏறியது. மூன்று வாரம். பகலெல்லாம் வால்வும் கிரீஸும், சாயங்காலமானால் கேட்டுக்கு வெளியே ஒரு சின்ன பார். கல்லாவுக்கு மேலே மூன்று படங்கள். மாதா ஒன்று, கடைக்காரரின் அப்பா ஒன்று, மூன்றாவதில் மஞ்சள் சட்டையில் ஒல்லியான சுருட்டைமுடிக்காரர். "மரடோனாவா?" என்று கேட்டுவிட்டேன். கடைக்காரர் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். கூட வந்த ஏஜென்ட் ஆபீஸ் பையன் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தான்: "உங்களுக்கு இன்றைக்குச் சாப்பாடு லேட்டாகத்தான் வரும்."

படத்தில் இருந்தவர் ஹோர்ஹே கொன்சாலஸ், அவர்களுக்கு மாகிகோ. 1958-ல் எல் சால்வடாரின் தலைநகரான சான் சால்வடாரில் பிறந்தவர். 1982 உலகக் கோப்பைக்கு ஸ்பெயின் வந்தார், அப்படியே காடிஸ் அணியில் சேர்ந்துவிட்டார். அப்போது அது இரண்டாம் டிவிஷன் அணி. அடுத்த வருடமே முதல் டிவிஷனுக்கு ஏறியது. நடுவில் வயாடோலிட் அணிக்குப் போய் வந்ததைத் தவிர 1991 வரை அங்கேதான். பெரிய கோப்பை எதுவும் கிடையாது.

கடைக்காரர் ஒரு ஆலிவ் கொட்டையை மேசையில் வைத்து, இரண்டு விரலைக் கால்களாக்கிக் காட்டினார். நடுவிரலின் வெளிப்பக்கத்தால் கொட்டையை வலப்பக்கம் ஒரு தட்டு, அது நகர்ந்து முடிவதற்குள் அதே விரலின் உட்பக்கத்தால் இடப்பக்கம் ஒரு வெட்டு. என் கண் வலது பக்கமே நின்றது, கொட்டை இடது பக்கம் போய்விட்டது. அந்த வித்தைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'வெட்டுப்பட்ட குட்டிப்பாம்பு'. அரிவாளால் வெட்டினால் பாம்பு எப்படித் துள்ளும், அப்படி.

அப்புறம் தூக்கக் கதை. மனிதருக்கு ராத்திரி முழுக்க ஊர் சுற்ற வேண்டும், காலையில் தூங்க வேண்டும். பயிற்சிக்கு எழுப்பிக் கூட்டிவரவே கிளப் ஆள் அனுப்புமாம். கடைக்காரரும் ஒரு தடவை போய்க் கதவைத் தட்டினாராம். நம்பிவிட்டேன். வெளியே வந்ததும் பையன் சொன்னான், "இந்த ஊரில் பாதிப் பேர் அந்தக் கதவைத் தட்டியிருக்கிறார்கள்."

ஹூஸ்டன்வாசி:
எங்கள் வேர்ஹவுஸில் சால்வடார்காரர்கள் நிறைய. அவர்களில் ஒருவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், மாகிகோ என்று சொன்னால் திருத்துவார். "அது காடிஸ்காரன் வைத்த பேர். எங்களுக்கு மாகோ." இரண்டுக்கும் மந்திரம்தான் பொருள், ஆனாலும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

அந்த உலகக் கோப்பையில் எல் சால்வடாரின் முதல் ஆட்டத்தைச் சின்னப் பையனாகக் கேட்டவர் அவர். 1982 ஜூன் 15, எல்ச்சே நகரம், எதிரே ஹங்கேரி. நாட்டில் உள்நாட்டுப் போர். மற்ற அணிகள் 22 பேரோடு வந்தபோது இவர்கள் 20 பேரோடு வந்தார்கள். 10-1 என்று தோற்றார்கள். ஹங்கேரிக்கு மாற்று ஆட்டக்காரராக இறங்கிய லாஸ்லோ கிஷ் மட்டும் ஏழு நிமிடத்தில் மூன்று கோல் அடித்தார்.

அந்த ஒன்று இருக்கிறதே, அதைத்தான் நண்பர் மணிக்கணக்கில் பேசுவார். 5-0 என்று இருந்தபோது எல் சால்வடாரின் ராமிரெஸ் சபாடா அடித்தார். கோப்பையே ஜெயித்தாற்போல் துள்ளிக் குதித்தாராம். கூட ஆடியவர்கள், "சும்மா இரு, அவர்களுக்குக் கோபம் வந்துவிடப் போகிறது" என்று அடக்கினார்களாம். வந்துவிட்டது போலிருக்கிறது, மேலும் ஐந்து விழுந்தது. அப்படித் தோற்ற அணியிலிருந்தும் ஒருவரை ஸ்பெயின்காரர்கள் பொறுக்கி எடுத்தார்கள் என்பதுதான் நண்பருக்குப் பெருமை. 2006-ல் தலைநகரின் தேசிய ஸ்டேடியத்துக்கு மாகிகோவின் பெயரையே வைத்துவிட்டார்கள், ஆள் உயிரோடு இருக்கும்போதே.

பழைய கோல்கீப்பர்:
நான் பிள்ளைகளுக்குக் கோச்சிங் கொடுக்கிறவன், அதனால் கசப்பாக ஒன்று சொல்கிறேன். 1984-ல் பார்சிலோனா அவரை அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்குக் கூட்டிப்போனது, மரடோனாவுக்குப் பக்கத்தில் ஆட. ஹோட்டலில் தீ அபாய மணி அடித்து எல்லோரும் கீழே ஓடி வர, இவர் அறையை விட்டே வரவில்லை என்று சொல்வார்கள். கதையோ நிஜமோ, ஒப்பந்தம் நடக்கவில்லை. என்னிடம் ஒரு பையன் மூன்று நாள் லேட்டாக வந்தால் பெஞ்சில் உட்கார வைப்பேன்.

என் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் மத்திய அமெரிக்கர் கோஸ்டா ரிகாவின் கோல்கீப்பர் கெய்லர் நவாஸ். ஸ்பெயினின் அல்பசெட்டே அணியோடு மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கியவர். அங்கிருந்து லெவான்டே அணி, 2014 உலகக் கோப்பையில் காலிறுதி, ரியல் மாட்ரிட். 2015-ல் அவரை அனுப்பிவிட்டு மான்செஸ்டர் யுனைடெட் கோல்கீப்பர் டி ஹேயாவை எடுக்க ரியல் எல்லாம் தயார் செய்து, கடைசி நாளில் காகிதம் நேரத்துக்குப் போய்ச் சேராமல் கெட்டது. வேண்டாம் என்றவர்களுக்கே நின்று, 2016, 2017, 2018 என்று தொடர்ந்து மூன்று தடவை ஐரோப்பிய கிளப்களின் சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். அவர் படத்தை யாராவது கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறார்களா?

கப்பல்காரன்:
கோஸ்டா ரிகாவின் தலைநகர் சான் ஹோசேயில் மாட்டியிருப்பார்கள் சார். நீங்கள் சொல்வதெல்லாம் சரி. மாகிகோவே தன்னை யோக்கியன் என்று சொல்லிக்கொண்டதில்லை, கால்பந்தை வேலையாக நினைக்கத் தனக்கு வரவில்லை என்று வெளிப்படையாகவே பேசியவர். என் பையனுக்கும் நான் நவாஸைத்தான் காட்டுவேன்.

ஆனால் கப்பலில் வாட்ச் டியூட்டியில் வேலை இல்லாத நேரத்தில், கன்ட்ரோல் ரூம் மேசையில் ஒரு நட்டை வைத்து அந்தப் பாம்பை முயன்று பார்க்கிறேன். வருடம் எத்தனையோ ஆகிவிட்டது. வலப்பக்கம் ஒழுங்காகப் போகிறது. திரும்புவதற்குள் மேசையை விட்டு உருண்டு, பைப்புக்கு அடியில் போய் விழுந்துவிடுகிறது.