புதுப்பிப்பு: 'சியர்' தொடருக்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்தது யார்?

அமெரிக்காவின் டெக்சஸில், கோர்சிகானா என்ற சிற்றூரில் இருக்கும் நவாரோ கல்லூரியின் சியர்லீடிங் (ஆளைத் தூக்கிப் பிடித்து, குட்டிக்கரணம் அடித்து ஆடும் குழு ஆட்டம்) அணியைப் படம்பிடித்த நெட்ஃபிளிக்ஸ் தொடர் 'சியர்' பற்றி முன்பு எழுதியிருந்தேன். இவ்வளவு பொருத்தமான ஆட்கள் எப்படிக் கிடைத்தார்கள் என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

அணி ஏற்கெனவே இருந்தது; தொலைக்காட்சிக்காகச் சேர்த்ததல்ல. ஏறத்தாழ 40 பேர் பயிற்சி எடுப்பார்கள். ஃபுளோரிடாவின் டேடோனா பீச்சில் நடக்கும் தேசியப் போட்டியில் களமிறங்குவது 20 பேர்தான். அந்த 20 பேரை முடிவு செய்தவர் பயிற்சியாளர் மோனிகா ஆல்டமா. இயக்குநர் கிரெக் வைட்லிக்கு அதில் பங்கில்லை. யாருடைய வாழ்க்கையைப் பின்தொடர்வது என்பது மட்டுமே அவர் கையில்.

அதனால்தான் எனக்கு இந்தத் தொடர் இவ்வளவு பிடித்தது. ஆடுவது 2 நிமிடம் 15 விநாடி. அதற்காக மாதக்கணக்கில் விழுந்து எழுகிறார்கள். மேலே தூக்கப்படுபவர் தவறினால் கீழே நிற்பவர்கள்தான் தாங்க வேண்டும். ஒருவருக்கு அடிபட்டால் வேறொருவர் உள்ளே வர வேண்டும், மொத்த அமைப்பும் மாறும். மாற்று ஆட்களாக ஓரத்தில் நின்று கத்தி உற்சாகப்படுத்துபவர்களுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுத்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

அப்புறம், இரண்டாவது சீசனையும் விட்டுவிடாதீர்கள். அதில் எதிரணியான டிரினிட்டி வேலி கல்லூரிக்குள்ளும் கேமரா போகிறது. 2021 டேடோனா போட்டியில் வென்றது அவர்கள்தான்.