வாலபீஸ் வீரர்கள் வெளிநாடு போவது: ஒப்பந்தத்தில் எங்கே ஓட்டை?

எட்டாம்நம்பர் (கேள்வி):

2025 லயன்ஸ் தொடர் (பிரிட்டிஷ்-அயர்லாந்து கூட்டணி அணியுடனானது) முடிந்த கையோடு வாலபீஸ் (ஆஸ்திரேலிய ரக்பி அணி) வீரர்கள் ஆள் ஆளாக வெளிநாட்டு கிளப்புகளுக்குக் கிளம்புகிறார்கள். தனீலா டூப்போ பிரான்ஸின் ரேசிங் 92, டாம் ஹூப்பர் இங்கிலாந்தின் எக்ஸிடர், நோவா லோலேசியோ ஜப்பான். லென் இக்கிட்டா எக்ஸிடருக்கும் ஆங்கஸ் பெல் அயர்லாந்தின் அல்ஸ்டருக்கும் கொஞ்ச காலத்துக்கு மட்டும் என்கிறார்கள். 2027 உலகக் கோப்பை நம் ஊரிலேயே நடக்கப்போகிறது.

இதெல்லாம் வெறும் பணப் பிரச்சினையா? கிட்டோ விதியை (வெளிநாட்டில் ஆடுபவரை வாலபீஸுக்கு எடுப்பதற்கான கட்டுப்பாடு) பழையபடி இறுக்கினால் நிற்பார்களா? இந்த சபாட்டிக்கல் ஏற்பாடு (ஒப்பந்தத்துக்குள்ளேயே ஒரு பருவம் வெளிநாட்டில் ஆட விடுவது) உண்மையிலேயே வேலை செய்கிறதா, அல்லது "போயிட்டு வா" என்பதற்கு மரியாதையான பெயரா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "விசுவாசம் இல்லை" வகைப் பதில்கள் வேண்டாம், அது ஏற்கெனவே நிறைய கிடைக்கிறது.

கணக்குப்பிள்ளை:

பணம்தான், ஆனால் எந்தப் பணம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

பிரான்ஸின் டாப் 14இல் ஒரு கிளப்பின் சம்பள உச்சவரம்பு 1 கோடியே 7 லட்சம் யூரோ. இங்கிலாந்து பிரீமியர்ஷிப்பில் 64 லட்சம் பவுண்டு. உள்ளூரில் என்ஆர்எல் (ரக்பி லீக் என்ற வேறு வகை ரக்பியின் தொடர்) கிளப் ஒவ்வொன்றும் 1 கோடியே 20 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அளவுக்குச் செலவழிக்கலாம், அப்படி 17 கிளப் இருக்கின்றன. நம் சூப்பர் ரக்பி கிளப்புகள் இந்த வரிசையில் எங்குமே இல்லை.

அந்த இடைவெளியை அடைக்கத்தான் ரக்பி ஆஸ்திரேலியா 'டாப்-அப்' கொடுக்கிறது. கிளப் சம்பளம் ஒரு பாக்கெட், தேசிய டாப்-அப் இன்னொரு பாக்கெட், டெஸ்ட் (நாட்டு அணிகளின் ஆட்டம்) ஆடினால் ஆட்டத்தொகை தனி. நட்சத்திரத்துக்கு மூன்றும் சேரும், அவருக்குப் பெரிய குறையில்லை. டெஸ்ட் அணியின் 23 பேரில் 18வது, 20வது இடத்தில் இருப்பவரைப் பாருங்கள். டாப்-அப் சின்னது அல்லது இல்லை, ஆட்டத்தொகை வரலாம் வராமலும் போகலாம். அவரிடம் ஒரு பிரெஞ்சு கிளப் மூன்று வருட உறுதித் தொகையை நீட்டினால் என்ன செய்வார்?

ரக்பி ஆஸ்திரேலியாவின் கையும் காலி. 2024 கணக்கில் 3 கோடியே 68 லட்சம் டாலர் பற்றாக்குறை. அதில் ஒரு பங்கு மெல்பர்ன் ரெபல்ஸ் கிளப் விழுந்ததால் வந்தது. 2024 ஜனவரியில் அந்த கிளப் நொடித்து, வெளியிலிருந்து நியமித்த நிர்வாகிகள் கைக்குப் போனபோது கடன் 2 கோடி டாலருக்கு மேல், அந்தப் பருவத்தோடு மூடப்பட்டது. ஐந்து கிளப் நான்கானது. முப்பதுக்கும் மேற்பட்ட முழுநேர ஒப்பந்தங்கள் ஒரே அடியில் காணாமல் போயின. அந்த ஆட்கள் எல்லோரும் மற்ற நான்கு கிளப்பில் அடங்கவா முடியும்?

லயன்ஸ் வருமானத்தில் 8 கோடி டாலர் கடன் வசதியை அடைத்துவிட்டார்கள். 2026 முதல் ஐந்தாண்டு ஒளிபரப்பு ஒப்பந்தம் சுமார் 24 கோடி டாலர் என்று செய்திகள். முன்னைவிட நல்ல நிலைதான். ஆனால் அதை வைத்து பிரான்ஸோடு விலைக்கு விலை போட்டி போட நினைத்தால் யானைப் பசிக்குச் சோளப்பொரி.

லைன்அவுட்லதா:

கிட்டோ விதி பற்றி மட்டும் சொல்கிறேன், இதில் குழப்பம் அதிகம்.

2015 ஏப்ரலுக்கு முன் வெளிநாட்டில் ஆடுபவருக்கு வாலபீஸ் கதவு சாத்தியிருந்தது. அப்போது கொண்டுவந்த விதி: 60 டெஸ்ட் ஆடியிருக்க வேண்டும், கூடவே ஆஸ்திரேலிய ரக்பியில் 7 ஆண்டு ஒப்பந்தத்தில் இருந்திருக்க வேண்டும். பிரெஞ்சு கிளப் துலோனிலிருந்த மாட் கிட்டோவும் ட்ரூ மிட்சலும் அந்த வழியில் வந்து அந்த ஆண்டு உலகக் கோப்பை இறுதிப்போட்டி வரை ஆடினார்கள்.

விதியின் பலவீனம் பிறகுதான் தெரிந்தது. 60 டெஸ்ட் முடித்தவர் பெரும்பாலும் 30 வயதைத் தொட்டவர். அணிக்குத் தேவைப்பட்டதோ வில் ஸ்கெல்டன் மாதிரி ஆள். 2.03 மீட்டர் உயரம், அவ்வளவு எடையோடு மோதும் லாக் (முட்டி மோதும் முன்களத்தின் உயரமான ஆட்டக்காரர்) இங்கே வேறு யாருமில்லை. அவர் 2016இல் 18 டெஸ்டோடு இங்கிலாந்தின் சாரசன்ஸ் போனவர், பிறகு பிரான்ஸின் லா ரோஷெல். பழைய விதிப்படி அவர் வாழ்நாள் முழுக்க வெளியேதான். 2021 ஐரோப்பியப் பயணத்துக்கு விதியைத் தளர்த்தித்தான் அழைத்தார்கள். பிறகு 30 டெஸ்ட் அல்லது 5 ஆண்டு சேவை, அணிக்கு மூன்று பேர் என்று மாற்றினார்கள். அதற்கப்புறம் அதுவும் நெகிழ்ந்து, இன்று நடைமுறையில் பயிற்சியாளர் கேட்டால் வருவார் என்ற நிலை.

இறுக்கினால் நிற்பார்களா? வாலபீஸ் ஜெர்சி உறுதி என்று தெரிந்தவர் மட்டும் நிற்பார். அது நிச்சயமில்லாதவருக்கு அந்த மிரட்டல் வெற்று மிரட்டல். அதாவது யாரைத் தக்கவைக்கப் பணம் ஏற்கெனவே போதுமோ அவரைத்தான் விதியும் தக்கவைக்கும்.

அதே நேரம் முழுக்கத் திறந்துவிட்டால் வேறு சிக்கல். உலக ரக்பி அமைப்பின் 9வது ஒழுங்குமுறைப்படி, ஜூலை, நவம்பர் சர்வதேச சாளரங்களில் (நாட்டு அணி ஆட்டங்களுக்கு ஒதுக்கிய காலம்) கிளப் வீரரை விடுவித்தே ஆக வேண்டும், அதற்கு ஈட்டுத்தொகை கேட்கவும் முடியாது. சாளரத்துக்கு வெளியே அந்தக் கடமை கிடையாது. 2025 அக்டோபர் 25 டோக்கியோ டெஸ்ட் அப்படிப்பட்டது. கடமை இருக்கும்போதே நெருக்கடி வேறு வழியில் வரும்: 2021இல் குவேட் கூப்பர், சாமு கெரெவி, ஷான் மக்மஹன் மூவரும் ஐரோப்பியப் பயணத்திலிருந்து விலகி ஜப்பான் கிளப்புகளுக்குத் திரும்பினார்கள். சம்பளம் கொடுப்பவர் முகம் சுளித்தால் வீரருக்குப் புரியும். எந்த ஒழுங்குமுறையும் அதைத் தடுக்காது.

எட்டாம்நம்பர்:

நன்றி லதா. அப்படியானால் 2026இல் தொடங்கும் நேஷன்ஸ் சாம்பியன்ஷிப் (நாட்டு அணிகளின் புதிய போட்டி) நமக்கு நல்லதுதானே? ஆட்டங்கள் ஜூலை, நவம்பரில்தான் வருகின்றன.

லைன்அவுட்லதா:

தேர்வுக்கு நல்லது. தக்கவைப்புக்குக் கெட்டது. வெளிநாட்டிலிருந்தும் டெஸ்ட் ஆட முடியும் என்றால் "இங்கே இரு" என்று சொல்ல இன்னொரு காரணம் குறைகிறது.

டைட்ஹெட்:

எல்லாரும் போன நட்சத்திரங்களையே பேசுறீங்க. எனக்கு அது ரெண்டாம்பட்சம். ஸ்கெல்டன் லா ரோஷெல்ல இருந்துக்கிட்டே 2025 லயன்ஸ் தொடரின் ரெண்டாவது, மூணாவது டெஸ்ட் ஆடினார், சிட்னில 22-12 ஜெயிச்சோம். போனவர் திரும்பி வந்து ஆடலாம். திரும்பவே வராதவங்கதான் நிஜ நஷ்டம்.

எமானுவல் மேஃபு சிட்னில வளர்ந்தவர். ரெபல்ஸ் பக்கம் இருந்தவரை பிரெஞ்சு கிளப் துலூஸ் சின்ன வயசுலயே கூட்டிட்டுப் போச்சு, 2024ல பிரான்ஸுக்கு ஆடினார். சியோனே துய்புலோட்டு மெல்பர்ன் பையன், ரெபல்ஸ், அப்புறம் ஜப்பான், அப்புறம் கிளாஸ்கோ. இப்போ ஸ்காட்லாந்து கேப்டன். பிரிஸ்பேன்ல லயன்ஸோட முதல் டெஸ்ட்ல முதல் ட்ரை போட்டது யாருன்னு ஞாபகம் இருக்கா? அவர்தான். மேக் ஹேன்சன் கான்பெராக்காரர், அம்மா வழியில் அயர்லாந்து. ஹாரி ஹாக்கிங்ஸ் 2020ல கோவிட் சம்பளக் குறைப்பை ஏற்காம குயின்ஸ்லாந்து ரெட்ஸ் கிளப்பை விட்டுப்போன மூணு பேர்ல ஒருத்தர், இப்போ ஜப்பான் அணியில லாக்.

இது எப்படி நடக்குதுன்னா ரெண்டு விதி சேர்ந்து வேலை செய்யுது.

முதலாவது, உலக ரக்பியின் 8வது ஒழுங்குமுறை. டெஸ்ட் ஆடாத ஒருத்தர் வேற நாட்டுல 5 வருஷம் குடியிருந்தா அந்த நாட்டுக்கு ஆடலாம் (முன்னாடி 3 வருஷம்). பாட்டி தாத்தா அங்க பிறந்திருந்தா காத்திருக்கவே வேண்டாம். 2022 ஜனவரியிலிருந்து இன்னொன்னும் சேர்ந்துச்சு: டெஸ்ட் ஆடினவரும் 3 வருஷம் சர்வதேச ஆட்டம் ஆடாம இருந்தா, தான் பிறந்த நாட்டுக்கோ, அப்பா அம்மா, பாட்டி தாத்தா பிறந்த நாட்டுக்கோ ஒரு தடவை மாறலாம். ஜாக் டெம்ப்ஸி வாலபீஸுக்கு 14 டெஸ்ட் ஆடிட்டு அப்படித்தான் ஸ்காட்லாந்துக்காரர் ஆனார்.

ரெண்டாவது, பிரான்ஸோட ஜிஃப் விதி. ஆட்டத்துக்கான 23 பேர்ல சராசரியா 16 பேர் பிரான்ஸ்ல உருவானவங்களா இருக்கணும். இதுக்குப் பிறந்த ஊர் தேவையில்லை. 21 வயசுக்குள்ள அங்கீகரிச்ச அகாடமியில 3 பருவம் இருந்தா போதும். அதனால பிரெஞ்சு கிளப்புக்கு 28 வயசு வாலபீயைவிட 18 வயசு ஆஸ்திரேலியப் பையன் லாபம்: சம்பளம் கம்மி, வெளிநாட்டவர் கணக்குலயும் வரமாட்டான்.

டாப்-அப் பணத்தை எல்லாம் 50 டெஸ்ட் ஆடினவருக்குக் கொடுத்துட்டு, 19 வயசு லாக்கையும் ப்ராப்பையும் (முன்வரிசையில முட்டித் தள்ளுறவன்) அகாடமிக் காசுல உட்கார வைக்கிறது தலைகீழ்க் கணக்கு. முன்வரிசை ஆட்டக்காரன் முத்துறதுக்கு 24, 25 வயசாகும். அதுக்குள்ள அவன் அங்க போயிடுறான்.

கணக்குப்பிள்ளை:

டைட்ஹெட் சொல்வதில் பாதிக்கு உடன்பாடு. 19 வயதுப் பத்துப் பேருக்கு நல்ல ஒப்பந்தம் கொடுத்தால் மூன்று பேர்தான் டெஸ்ட் தரத்துக்கு வருவார்கள், மீதிப் பணம் போனது போனதுதான். அதோடு நட்சத்திரம் இல்லாமல் டிக்கெட் விற்காது. ஜோசப் சுவாலியை ரக்பி லீக்கிலிருந்து பெரிய தொகைக்கு இழுத்தபோது எவ்வளவு திட்டினார்கள்! 2024 நவம்பரில் ட்விக்கனம் மைதானத்தில் 42-37 வென்ற அறிமுக ஆட்டத்துக்குப் பிறகு அந்தப் பேச்சு அடங்கிவிட்டது.

டைட்ஹெட்:

அவர் விங்கும் சென்டரும் ஆடுறவர். அந்த மாதிரி பின்கள ஓட்டக்காரங்களுக்குச் சந்தை ரக்பி லீக்தான், அங்க போட்டி போடுறது சரி. நான் பேசுறது ஸ்க்ரம், அதாவது முன்களக்காரங்க கூட்டமா முட்டித் தள்ளுற இடம். ஒவ்வொரு இடத்துக்கும் வாங்குறவங்க வேற: ப்ராப், லாக்கை பிரான்ஸ் தூக்கும், ஃப்ளைஹாஃபை (ஆட்டத்தை நடத்துறவர்) ஜப்பான், அவுட்சைட் பேக்ஸை (ஓரத்துல ஓடுற பின்களக்காரங்க) என்ஆர்எல். எல்லாருக்கும் ஒரே அளவுகோல்ல டாப்-அப் போட்டா மூணு பக்கமும் தோத்துடுவோம்.

ஏழாம்சட்டை:

சபாட்டிக்கல் கேள்வி விட்டுப்போச்சு.

அதன் அமைப்பு இதுதான். வீரர் முதலில் ரக்பி ஆஸ்திரேலியாவோடு நீண்ட ஒப்பந்தம் போடுவார், அதற்குள் ஒரு பருவம் வெளிநாட்டில் ஆட அனுமதி. அந்தக் காலச் சம்பளம் அங்கிருந்து வரும். மைக்கேல் ஹூப்பர் 2018இல் ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டு, 2021 பருவத்தில் ஜப்பானின் டொயோட்டா வெர்ப்ளிட்ஸுக்கு ஆடிவிட்டு வந்தார். டேவிட் போகாக்கும் அங்கே பானசோனிக் கிளப்புக்குப் போய் வந்தவர்தான்.

ரக்பி ஆஸ்திரேலியாவுக்கு ஆதாயம்: சில மாதச் சம்பளம் மிச்சம், ஆள் கையில். நஷ்டம் முழுக்க கிளப் தலையில். ஜப்பான் லீக் ஒன் டிசம்பரிலிருந்து மே, ஜூன் வரை. சூப்பர் ரக்பி பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை. இரண்டும் அப்படியே மோதுகின்றன, ஆக ஒரு முழுப் பருவம் போச்சு. பெல் இல்லாத அவருடைய கிளப் வாராடாஸின் 2026 ஸ்க்ரம்மை நினைத்துப் பாருங்கள். சந்தாதாரர் பணம் கட்டுவது கிளப் ஆட்டத்துக்கு.

எங்கே அனுப்புகிறோம் என்பதும் முக்கியம். லீக் ஒன் முதல் பிரிவில் லீக் சுற்று 18 ஆட்டம். டாப் 14இல் 26, அதற்குமேல் ஐரோப்பியக் கோப்பை. ஒரு ப்ராப் அந்தப் பருவத்தை முழுசாக ஆடி நேராக ஜூலை டெஸ்டுக்கு வந்தால் ஓய்வே இல்லை. அதனால் சபாட்டிக்கல் ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் எழுத்தில் இருக்க வேண்டும்: திரும்பும் தேதி, கட்டாய ஓய்வு வாரங்கள், காயம் பட்டால் சிகிச்சையை யார் தீர்மானிப்பது. மூன்றாவதை விட்டுவிட்டால், அங்கே பருவ முடிவில் ஊசி போட்டு ஆடவைத்த முழங்காலுக்கு இங்கே அறுவை சிகிச்சை செய்ய வேண்டி வரும்.

அப்புறம், "2027 வரை நீட்டித்தார்" என்று செய்தி வந்தால் உடனே கைதட்டாதீர்கள், எந்த மாதம் வரை என்று பாருங்கள். உலகக் கோப்பை 2027 அக்டோபர் 1இல் தொடங்கி நவம்பர் 13இல் முடிகிறது. பிரெஞ்சு ஒப்பந்தம் பொதுவாக ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. நம் ஒப்பந்தம் சூப்பர் ரக்பி முடிவோடு தீர்ந்தால், அந்த வீரர் ஜூலையிலேயே பிரெஞ்சு கிளப்பின் ஊழியர். உலகக் கோப்பைக்கு விடுவிப்பார்கள், அதில் சிக்கல் இல்லை. முன்தயாரிப்பு முகாமுக்கு எத்தனை வாரம் முன்பு விடுவார்கள் என்பதுதான் பேரம். டிசம்பர் 31 வரை இழுத்துப் போட்ட ஒப்பந்தம் என்றால் அந்தப் பேரமே தேவையில்லை. அந்த ஆறு மாதத்துக்காகக் கொஞ்சம் கூடக் கொடுப்பதில் தப்பே இல்லை.