ஊர்ப் பத்திரிகை நடத்துகிறோம், ஒரே விளம்பரம் நின்றதும் ஆட்டம் காண்கிறது. என்ன செய்யலாம்?

காவிரிக்கரை:
மயிலாடுதுறை பக்கம் நானும் இரண்டு நண்பர்களும் ஒன்றரை வருஷமாக ஒரு மாத இதழ் நடத்துகிறோம். எட்டுப் பக்கம், 10 ரூபாய், கூடவே ஒரு வாட்ஸ்அப் சேனல். 2020இல் தனி மாவட்டம் ஆகியும் நாளிதழ்களில் எங்கள் ஊருக்குக் கிடைப்பது ஒரு மூலைதான். கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டை நனைவது, பாதாளச் சாக்கடை, நகராட்சிக் கூட்டத்தில் என்ன தீர்மானம் போட்டார்கள் என்பதையெல்லாம் நாங்கள் நேரில் போய்ப் பார்த்து எழுதுகிறோம். போன மாதம் ஒரு தனியார் பள்ளியின் வேன்களைப் பற்றி எழுதினோம், உடனே அவர்கள் தந்துகொண்டிருந்த பின்னட்டை விளம்பரம் நின்றுவிட்டது. அச்சுக்கூலியில் பாதி அதில்தான் ஓடியது. எழுதியதில் வருத்தமே இல்லை, ஆனால் அடுத்த இதழுக்குக் காசு?

பழைய நிருபர்:
தம்பி, நான் 11 வருஷம் தாலுகா அளவில் பகுதி நேர நிருபராக இருந்தவன். சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, விளம்பரக் கமிஷன்தான் வரும்படி. தீபாவளி மலர், பொங்கல் மலர் என்றால் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். காலையில் ஜவுளிக்கடை முதலாளியிடம் கால் பக்கம் கேட்டு நின்றவன், அவர் வாய்க்காலை அடைத்துக் கட்டடம் கட்டியதைச் சாயங்காலம் எப்படி எழுதுவான்? நான் எழுதவில்லை. இன்னும் உறுத்துகிறது. அதனால் சொல்கிறேன், விளம்பரம் வாங்கப் போகிறவரும் செய்தி எழுதுகிறவரும் ஒரே ஆளாக இருக்கவே கூடாது. அப்புறம், ஒரே ஆளிடம் பாதிச் செலவை வாங்காதீர்கள், பின்னட்டையை எட்டாகப் பிரித்து எட்டுச் சின்னக் கடைகளுக்குக் கொடுங்கள்.

மைக்கூடு:
வாசகர்களையே பங்குதாரர்களாக்கிய பத்திரிகைகள் உண்டு. ஜெர்மனியின் டாட்ஸ் நாளிதழ் 1992 முதல் கூட்டுறவாக நடக்கிறது, 20,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். அமெரிக்காவில் சால்ட் லேக் டிரிபியூன் 1871இல் தொடங்கிய பழைய பத்திரிகை, 2019இல் லாப நோக்கமற்ற அமைப்பாக மாறி நன்கொடையும் சந்தாவும் வாங்குகிறது. அதெல்லாம் பெரிய இடம் என்று தோன்றினால் கபர் லஹரியாவைப் பாருங்கள். 2002இல் உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூட்டில் கிராமத்துப் பெண்கள், தலித் பெண்கள் பலர், புந்தேலி மொழியில் தொடங்கிய பத்திரிகை அது. செய்தி சேகரித்த பெண்களே ஊர் ஊராகப் போய் விற்றார்கள். இப்போது வீடியோவுக்கு மாறி, சந்தாவும் கேட்கிறார்கள்.

வயல்வெளி:
நம் ஆட்கள் செய்திக்குக் காசு தர மாட்டார்கள் என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி கொடுக்கிறோமே, ஏன்? கணக்கை எல்லோர் முன்னும் வாசிக்கிறார்கள், பணம் எங்கே போனது என்று தெரிகிறது. நீங்களும் வரவு செலவை இதழிலேயே போடுங்கள், பின்னட்டை விளம்பரம் எதனால் நின்றது என்பதையும் சேர்த்து. தப்பாக எழுதிவிட்டால் திருத்தத்தை உள்ளே ஒளிக்காமல் முதல் பக்கத்தில் போடுங்கள். வருஷச் சந்தா 120 ரூபாய்தானே ஆகிறது, டீக்கடை, சலூன், நூலகத்தில் இருந்து ஆரம்பியுங்கள். வெளியூரில் இருக்கும் நம்மூர்க்காரர்களையும் கேளுங்கள், அவர்களுக்குத்தான் ஊர்ச் செய்தி ஏக்கம் அதிகம்.

காவிரிக்கரை:
பழைய நிருபர் ஐயா, நீங்கள் சொன்னது நெஞ்சில் தைத்தது. இதுவரை விளம்பரத்துக்கும் நான்தான் போனேன். இனி அதை நண்பரின் அக்கா பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார், அவர் செய்திப் பக்கமே வர மாட்டார். கணக்கு இந்த இதழிலேயே வரும். ரசீதுப் புத்தகம் அச்சுக்குக் கொடுத்தாயிற்று, முதல் சந்தாவுக்குக் கூறைநாட்டு டீக்கடைக்காரர் பணம் எடுத்து வைத்திருக்கிறார்.