எம்எஸ்சி ஸ்டாட் முடித்தவள் இனப்பெருக்க சுகாதார ஆராய்ச்சிக்கு வரலாமா?

மீடியன் கேட்கிறார்:

வணக்கம். திருச்சியில் எம்எஸ்சி புள்ளியியல் படித்தேன். ஒன்றரை வருடமாகச் சென்னையில் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் டேட்டா வேலை. சம்பளம் பரவாயில்லை, மனசு ஒட்டவில்லை.

கல்லூரி ப்ராஜெக்ட்டுக்குத் தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றை எடுத்திருந்தேன். தமிழ்நாட்டில் 44.9% பிரசவம் சிசேரியன், தனியாரில் மட்டும் பார்த்தால் 63.8%. அப்போதுதான் என் அக்காவுக்கும் தனியாரில் சிசேரியன் ஆகியிருந்தது. அன்றிலிருந்து இந்தத் துறையிலேயே பிஎச்டி பண்ண ஆசை. அப்பா கேட்கிறார்: "டாக்டருக்குப் படிக்காம ஆஸ்பத்திரி சங்கதில உனக்கு என்ன வேலை?" எனக்கும் பதில் தெரியவில்லை. எம்பிபிஎஸ் இல்லாமல் இதில் எவ்வளவு தூரம் போக முடியும்?

ஸ்டெத்து எழுதியது:

நான் எம்டி கம்யூனிட்டி மெடிசின், அதாவது சமூக மருத்துவம் படித்த டாக்டர். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மருத்துவக் கல்லூரியை நம்பி வராதீர்கள். எங்கள் துறையில் புள்ளியியலாளருக்கு ஓர் இடம் உண்டு. பிஜி மாணவர்கள் தீசிஸுக்கு சாம்பிள் சைஸ் போடுவதும், சமர்ப்பிக்கும் முந்தைய நாள் இரவு பி-வேல்யூ (முடிவு தற்செயலா என்று பார்க்கும் எண்) கேட்டு வருபவர்களைச் சமாளிப்பதும்தான் அவர் வேலை. நான் பார்த்த எந்தக் கல்லூரியிலும் அவர் துறைத் தலைவர் ஆனதில்லை. ஆராய்ச்சி நிறுவனம் என்றால் கதை வேறு.

கள அக்கா எழுதியது:

டாக்டர் சொன்னது சரிதான். அதையும் தாண்டி நிறைய இருக்கிறது.

நான் எம்ஏ சமூகப்பணி. 2008-ல் விழுப்புரம் பக்கம் கள ஆய்வாளராகச் சேர்ந்தேன். ஒரு நாளைக்கு நாலு வீடு, வீட்டுக்கு ஒரு படிவம். அதில் ஒரு கேள்வி: இதுவரை கர்ப்பம் கலைந்ததுண்டா? தானாகக் கலைந்திருந்தால் 1, கலைத்திருந்தால் 2. கேள்வி எழுதியவருக்கு அது இரண்டு தனித்தனிக் கட்டம். ஊரில் 'கலைஞ்சது', 'கலைச்சது' இரண்டுக்கும் நடுவே ஓர் எழுத்துதான் வித்தியாசம். அந்த எழுத்தை மாமியார் காதில் விழும்படி யார் சொல்வார்கள்?

ஒரு வீட்டில் மருமகள் பின்கட்டில் பாத்திரம் தேய்த்தபடி பதில் சொன்னாள். மாமியார் திண்ணையை விட்டு அசையவில்லை. "ரெண்டு கலைஞ்சிடுச்சு" என்றாள் மருமகள். இரண்டுக்கும் 1 போட்டுவிட்டுக் கிளம்பினேன். பஸ் ஸ்டாப்பிங் வழியில் குடத்தோடு பின்னாலேயே வந்தாள். "மொதல்ல சொன்னது தானா போனது. ரெண்டாவது நானே போயி கலைச்சிட்டு வந்தேன். நோட்டுல எழுதிடாதீங்க அக்கா." எழுதவில்லை.

இப்போது உன் ஸ்டாட்டுக்கு வருவோம். 2015-ல் இந்தியாவில் நடந்த கருக்கலைப்பு சுமார் 1.56 கோடி என்று 2018-ல் லான்செட் குளோபல் ஹெல்த் என்ற மருத்துவ இதழில் ஒரு மதிப்பீடு வந்தது. வீடு வீடாகப் பெண்களைக் கேட்டு எடுத்த எண் இல்லை அது. கேட்டால் என்ன கிடைக்கும் என்று மேலே சொல்லிவிட்டேன். மாத்திரை விற்பனைக் கணக்கையும், ஆறு மாநிலங்களில் மருத்துவமனைகளில் எடுத்த கணக்கையும் வைத்துப் போட்டார்கள். தமிழ்நாடும் அந்த ஆறில் ஒன்று. முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவானவை ஆஸ்பத்திரிக்கு வெளியே மாத்திரை போட்டு நடந்தவை. சொல்லப்படாததை எண்ண வேறு வழி கண்டுபிடிப்பது டாக்டர் வேலையா, உன் வேலையா? அப்பாவிடம் இதைச் சொல்.

ஆள் வேண்டுமென்றால் டி.கே. சுந்தரி ரவீந்திரனைச் சொல். பொருளாதாரம் படித்தவர். 1981-ல் செங்கல்பட்டு பக்கம் கிராமத்துப் பெண்களோடு சேர்ந்து ரூவ்செக் என்ற அமைப்பைத் தொடங்கினார். பிறகு திருவனந்தபுரத்தில் பொதுச் சுகாதாரம் கற்பிக்கும் அச்சுத மேனன் மையத்தில் பேராசிரியர். நான் எம்பிஎச் (பொதுச் சுகாதார முதுகலை) படித்ததும் அங்கேதான், மருத்துவர் அல்லாதவர்களையும் எடுப்பார்கள். டாக்டர்கள் செய்ததும் பெரிதுதான், மறுக்கவில்லை. டாக்டர் ராணி பங் மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்துப் பார்த்தார். 92% பேருக்கு ஏதோ ஒரு மகளிர் நோய். அதற்கு முன் அப்படி ஒரு பரிசோதனைக்குப் போயிருந்தவர்கள் 8% மட்டும். 1989-ல் லான்செட்டில் வந்தது. அதற்கு டாக்டர் கைதான் வேண்டும்.

சரி, கசப்பையும் சொல்கிறேன். பதினேழு வருடத்தில் ஒன்பது அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் வாங்கியிருக்கிறேன், பெரும்பாலும் பதினொரு மாதத்துக்கு. எனக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது ஒரு ஆர்டர் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. மகப்பேறு விடுப்பும் போயிற்று. அந்த ப்ராஜெக்ட்டின் பொருள் கர்ப்பிணிகளுக்குக் கிடைக்கும் சலுகைகள்! வெளிநாட்டுப் பணமும் நிலையில்லை. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா கையை உதறியதும், பல நாடுகளில் இதே மாதிரிக் கணக்கெடுப்பு நடத்த உதவும் டிஎச்எஸ் திட்டமே ஸ்தம்பித்ததைப் பார்த்தோமே. வீட்டில் கடன் இருந்தால் ஜேஆர்எஃப் (ஆராய்ச்சி மாணவர் உதவித்தொகை) வாங்காமல் வேலையை விடாதே.

தேவ்னார் பழசு எழுதியது:

மும்பை தேவ்னாரில் இருக்கும் மக்கள்தொகை ஆய்வு நிறுவனமான ஐஐபிஎஸ்ஸின் பழைய மாணவன். ஜேஆர்எஃப்புக்கான யுஜிசி நெட் தேர்வில் மக்கள்தொகை ஆய்வு தனிப் பாடமாகவே இருக்கிறது, ஸ்டாட்காரர்களுக்கு டெமோகிராஃபி கணக்கு பெரிய கஷ்டமில்லை. ஜேஆர்எஃப் கிடைத்தால் மாதம் 37,000, மும்பையில் ஹாஸ்டல் இருந்தால் ஓடும். அப்புறம் ஒரு விஷயம். அந்த ப்ராஜெக்ட்டில் வெயிட் (சாம்பிளில் ஒவ்வொருவருக்கும் தரும் எடை) போட்டாயா? பெண்கள் ஃபைலில் வி005 என்ற வெயிட் எண்ணைப் பத்து லட்சத்தால் வகுக்க வேண்டும். குடும்ப வன்முறைக் கேள்விகளுக்கு டி005. இதைக் கோட்டைவிட்டு வந்த கட்டுரைகளைத் திருப்பி அனுப்பியே எனக்கு முடி நரைத்தது.

மீடியன் எழுதியது:

வெயிட் போட்டேன் சார், வகுக்கத்தான் மறந்தேன். சதவீதம் சரியாக வந்ததால் யாரும் கண்டுபிடிக்கவில்லை :) டாக்டருக்கும் நன்றி. அக்கா, அந்த விழுப்புரம் டேட்டாவை யார் அனலைஸ் பண்ணினார்கள்?

கள அக்கா எழுதியது:

நான்தான். பிஎச்டியில் மூன்றாம் அத்தியாயம். அந்தப் படிவத்தின் எண் இன்றும் மனப்பாடம். டேபிளில் அவளுக்கு 1, 1 என்றுதான் இருக்கிறது, மாற்றவில்லை. குறைபாடுகள் பகுதியில் 'கருக்கலைப்பு குறைத்துச் சொல்லப்பட்டிருக்கலாம்' என்று ஒரு வரி சேர்த்தேன். கைடு பக்கத்தில் சிவப்பு மையில் எழுதினார்: "ஆதாரம்?" குடத்தோடு வந்தவளை எங்கே காட்டுவது? வேறு யாரோ எழுதிய பேப்பரைத் தேடிப் பிடித்துப் போட்டேன்.