தேர்வறையில் தம்பியிடம் செல்போன்: விசாரணைக்கு முன் என்ன கேட்டு வாங்கலாம்?

போடிக்காரி (கேள்வி):

வணக்கம். என் தம்பி அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. இயற்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். போன வாரம் பருவத் தேர்வின்போது அவனுடைய கால்சட்டைப் பையில் செல்போன் இருந்ததைப் பறக்கும் படை கண்டுபிடித்துவிட்டது. அணைத்துத்தான் வைத்திருந்தேன் என்கிறான். நம்புகிறேன். கொண்டுபோனது மடத்தனம் என்று வீட்டில் வேண்டிய மட்டும் திட்டியாகிவிட்டது, அதனால் இங்கேயும் யாரும் திட்ட வேண்டாம்.

விடைத்தாளை வாங்கிக்கொண்டு, தனி அறையில் உட்காரவைத்து, ஒருவர் சொல்லச் சொல்ல இவன் கைப்பட ஒரு கடிதம் எழுதியிருக்கிறான். "செல்போனைப் பார்த்துத் தேர்வு எழுதினேன், மன்னிக்கவும்" என்ற வரி அதில் இருக்கிறதாம். எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவோம் என்றார்களாம். நகல் தரவில்லை.

இப்போது, அடுத்த புதன்கிழமை அப்பாவுடன் ஒழுங்கு நடவடிக்கைக் குழு முன் வரச்சொல்லித் தொலைபேசியில் மட்டும் தகவல் வந்திருக்கிறது. அதற்குள்ளாகவே துறைத் தலைவர், "இந்தப் பருவம் எல்லாத் தாளும் ரத்து, அடுத்த இரண்டு பருவம் தேர்வு எழுத முடியாது" என்று சொல்லிவிட்டார். தண்டனையை முடிவு செய்துவிட்டு விசாரணை எதற்கு? அப்பா ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுபவர். அதிகாரிகள் முன்னால் கைகட்டி நிற்பாரே தவிர வாய் திறக்க மாட்டார். அந்தக் கடிதத்தின் நகலைக் கேட்கலாமா? வக்கீலை அழைத்துப்போகலாமா?

மூன்றாமாண்டு முகில்:

அக்கா, என் அனுபவத்தில் சொல்கிறேன். சட்டம் பேசினால் இன்னும் இரண்டு பருவம் சேர்த்துப் போடுவார்கள். அப்பாவை அழைத்துப்போய், தம்பி கண் கலங்கி மன்னிப்புக் கேட்டால் இரக்கப்பட்டுக் குறைப்பார்கள். எங்கள் விடுதியில் இப்படித்தான் நடக்கிறது.

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்:

முகில் சொல்வது சில நேரம் பலிக்கும். ஆனால் அழுகையைக் கோப்பில் ஒட்டிவைக்க முடியாது, தம்பி. ஆறு மாதம் கழித்து மேல்முறையீட்டுக்குக் கோப்பு வரும்போது அதில் காகிதம் மட்டும்தான் இருக்கும்.

பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் முறைகேட்டுக் கோப்புகளோடு வாழ்ந்தே தலை நரைத்தவன் நான். ஒரு கோப்பில் பொதுவாக என்ன இருக்கும்? அறைக் கண்காணிப்பாளரின் அறிக்கை, பறிமுதல் செய்த பொருள் பற்றிய குறிப்பு, விடைத்தாள், மாணவர் எழுதிக் கொடுத்த கடிதம். குழு கூடும் நாளில் இப்படிப் பல கோப்புகள் மேசையில் அடுக்கியிருக்கும். உறுப்பினர்கள் முதலில் புரட்டுவது மாணவரின் கடிதத்தை. அதில் "பார்த்து எழுதினேன்" என்று இருந்தால் மற்ற மூன்றையும் படிக்க யாருக்கும் பொறுமை இருக்காது. எழுதவைப்பவர்களுக்கும் இது தெரியும்.

இன்னொன்று. முறைகேட்டுத் தண்டனைகளைப் பெரும்பாலும் படிப்படியாக வகுத்திருப்பார்கள். தடைசெய்த பொருளை வைத்திருந்ததற்கு ஒரு தண்டனை, அதைப் பயன்படுத்தியதற்கு அதைவிடக் கடுமையான ஒன்று. உங்கள் தம்பியைக் கீழ்ப்படியிலிருந்து மேல்படிக்கு ஏற்றியிருப்பது அந்த ஒற்றை வரி. ஆகவே, செல்போன் பையில் இருந்ததை மறுக்க வேண்டாம். மறுத்தால் அவன் சொல்லும் எதையும் நம்பமாட்டார்கள். பயன்படுத்தவில்லை என்பதைத்தான் நிலைநாட்ட வேண்டும்.

இதை இன்றைக்கே எழுத்தில் கொடுங்கள், புதன்கிழமை வரை வைத்திருக்க வேண்டாம். முதல்வருக்கும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கும் முகவரியிட்டுத் தம்பி தன் பெயரில் எழுதட்டும். அன்று எழுதிய கடிதத்தின் வாசகத்தை இன்னொருவர் சொன்னார், எழுதினால் விட்டுவிடுவோம் என்றதால் எழுதினேன், நடந்தது இதுதான் என்று சுருக்கமாக இருக்க வேண்டும். கூடவே, எந்த விதியின் எந்தப் பிரிவின்கீழ்க் குற்றச்சாட்டு என்பதைக் குறிப்பிட்டு எழுத்துப்பூர்வ அறிவிப்பும், அறைக் கண்காணிப்பாளர் அறிக்கையின் நகலும், தன் கடிதத்தின் நகலும், பதில் தர நியாயமான அவகாசமும் கேட்க வேண்டும். அன்றைய விடைத்தாளையும் செல்போனையும் குழு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். இயற்பியல் தாளில் பாதி கணக்காகத்தானே இருக்கும்? அவன் படிப்படியாகப் போட்டு, நடுவில் அடித்துத் திருத்திய கணக்கே அவனுக்குச் சாட்சி.

கடிதத்தைத் துறைத் தலைவர் கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றே ஸ்பீட் போஸ்ட், மின்னஞ்சல் இரண்டும்.

துறைத் தலைவர் சொன்னது ஆணை அல்ல, அவருடைய கணிப்பு. கல்லூரி தன்னாட்சி பெற்றதா? தன்னாட்சி என்றால் தேர்வு நடத்துவதும் தண்டிப்பதும் கல்லூரியே. இல்லையென்றால் தண்டிக்க வேண்டியது பல்கலைக்கழகம், கல்லூரி அறிக்கை அனுப்பும், அவ்வளவுதான்.

அப்பா வரட்டும், உட்காரட்டும். பேச வேண்டியவன் மகன். வாக்குரிமை உள்ள ஆள்தானே அவன்?

வைகைக்கரை வழக்குரைஞர்:

கண்காணிப்பாளர் ஐயா சொன்னதற்கு மேல் நான் சேர்க்க வேண்டியது, சட்டம் எதுவரை துணை நிற்கும் என்பது. உத்தரப் பிரதேசத்தில் 1954 இன்டர்மீடியட் தேர்வில் தேர்ச்சி பெற்ற சில மாணவர்களின் முடிவை, அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ரத்து செய்தார்கள். கன்ஷியாம் தாஸ் குப்தா வழக்கு என்று பெயர். 1962இல் உச்ச நீதிமன்றம், இப்படித் தண்டிக்கும் தேர்வுக் குழு நீதிமன்றத்தைப் போன்ற கடமை உடையது, மாணவர் தரப்பைக் கேட்டே ஆக வேண்டும் என்றது. உங்கள் தம்பிக்கான அடித்தளம் அதுதான்.

ஆனால் அதற்குமேல் நீதிமன்றங்கள் தாராளமாக இல்லை. பீகாரில் ஒரு தேர்வு மையம் முழுவதும் காப்பியடித்ததாக எழுந்த வழக்கில், 1970இல், ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்கத் தேவையில்லை என்றார்கள். ராஞ்சி மருத்துவக் கல்லூரி மாணவிகளின் புகாரில் 1973இல் வந்த தீர்ப்பு, புகார் கொடுத்தவர்களைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை எல்லாச் சூழலிலும் கிடையாது என்றது. புகார் கொடுத்த மாணவிகளுக்குப் பாதுகாப்புத் தேவைப்பட்ட அந்தச் சூழலுக்கு அது சரி என்றே நான் நினைக்கிறேன். உங்கள் வழக்கில் சாட்சி ஒரு தேர்வு அலுவலர், அவரைப் பாதுகாக்க ஒன்றுமில்லை. ஆகவே அறிக்கையைக் காட்டச் சொல்வது நியாயமான கோரிக்கை.

வக்கீலை உள்ளே அழைத்துப்போக உரிமை கோர முடியாது. கேட்டால் பெரும்பாலும் மறுப்பார்கள், மனக்கசப்பு மிஞ்சும்.

ஆணை வந்த பிறகு, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 ஒழுங்குமுறைகளின்படி கல்லூரியில் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். புகார் கிடைத்து, கூடியவரை 15 வேலை நாட்களுக்குள் அது அறிக்கை தர வேண்டும். அதில் நிறைவில்லை என்றால் 15 நாட்களுக்குள் குறைகேள் அதிகாரியிடம் மேல்முறையீடு. "விசாரித்த முறை நியாயமாக இல்லை" என்று புகாரை அமையுங்கள், "தண்டனை அதிகம்" என்று மட்டும் எழுதாதீர்கள். உதவிபெறும் கல்லூரி என்பதால் தகவல் உரிமைச் சட்டத்தில் கோப்பு நகலும் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். தன் விடைத்தாளைப் பார்க்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2011இலேயே ஏற்றிருக்கிறது.

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு கடைசி வழி. தண்டனையின் அளவில் நீதிமன்றம் எளிதில் தலையிடாது. நகல் கேட்டும் தரவில்லை, பதிலைப் பரிசீலிக்கவில்லை, ஆணையில் காரணம் இல்லை என்பதையெல்லாம் காகிதத்தில் காட்டினால் மறுவிசாரணைக்கு அனுப்ப வாய்ப்பு உண்டு.

போடிக்காரி:

ஐயா இருவருக்கும் நன்றி. தன்னாட்சிக் கல்லூரிதான். தம்பி கடிதம் கொடுத்துவிட்டான், தபால் பிரிவில் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு முத்திரை போட்டார்கள். மறுநாளே எழுத்தில் அறிவிப்பு வந்தது. இரண்டே வரி. "தேர்வு முறைகேடு தொடர்பாக" என்று இருக்கிறதே தவிர, விதி எண் இல்லை, நகல் எதுவும் இல்லை, தேதியும் அதே புதன்கிழமைதான். போகாமல் இருந்துவிடலாமா?

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்:

கட்டாயம் போக வேண்டும், அம்மா. போகவில்லை என்றால் "வாய்ப்பு அளித்தும் வரவில்லை" என்று எழுதி முடித்துவிடுவார்கள், அந்த ஒரு வரியை வழக்குரைஞர் ஐயாவாலும் அசைக்க முடியாது. விதி எண்ணும் நகல்களும் இன்னும் வரவில்லை என்று ஒரு பக்கக் கடிதத்தோடு போகட்டும், உள்ளே நுழைந்ததும் தலைவர் கையில் கொடுக்கட்டும். முடிவில் கையெழுத்துக் கேட்பார்கள். வெற்றுத்தாள் என்றால் போட வேண்டாம். எழுதிய தாள் என்றால் முழுவதும் படித்துவிட்டு, "கேட்ட நகல்கள் பெறப்படவில்லை" என்று தன் கையால் எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டுத் தேதி இடட்டும்.