மகாஷ் என்பவர் யார்? – பேச்சு அரபியில் நாங்கள் தடுமாறிய இடங்கள்

தோஹா ஸ்டோர் கீப்பர்:

2011இல் கட்டுமானத் தளம் ஒன்றில் ஸ்டோர் கீப்பராக தோஹாவுக்கு வந்தேன். ஆறே மாதத்தில் அரபி கைவந்துவிட்டது என்று ஊருக்குப் போன் செய்து பெருமையடித்தேன். என் அரபி இலக்கணம் முழுவதும் ஒரே சொல்லில் அடங்கியிருந்தது: ‘மாஃபி’. ‘மாஃபி மாலூம்’ என்றால் தெரியாது. ‘மாஃபி ஷுகுல்’ என்றால் வேலை இல்லை. ‘மாஃபி ரூஹ்’ என்றால் போகவில்லை, போகமாட்டேன், போகாதே, மூன்றும்தான். எது என்பதைச் சொல்பவரின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். நான், நீ, அவன் எல்லோருக்கும் ஒரே ‘ரூஹ்’. வினைச்சொல் தெரியாத இடத்தில் பெயர்ச்சொல்லோடு ‘சவ்வி’ சேர்த்தால் போதும்: சவ்வி தெலிஃபூன், சவ்வி தன்ழீஃப். போன் செய், சுத்தம் செய் என்று நாம் சொல்வதைப் போலத்தான். வளைகுடாவில் வேலைக்கு வந்த தெற்காசியர்களும் அரபிகளும் பேசிப் பேசி உண்டாக்கிக்கொண்ட கலப்பு மொழி அது. அரபிகளும் நம்மிடம் அப்படியே பேசுவதால், அதுதான் அரபி என்று நம்பிவிடுகிறோம்.

ஒருநாள் புதிதாக ஓர் எகிப்திய ஃபோர்மன் வந்து சேர்ந்தார். சிமென்ட் லாரி டிரைவர் வந்தாரா என்று கேட்டேன். “மகாஷ்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மகேஷைக் கேள் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் தளத்தில் இரண்டு மகேஷ்கள். ஒருவர் எலக்ட்ரீஷியன், தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்பியதற்குத் திட்டினார். இன்னொருவர் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தார். திரும்பி வந்து, மகேஷுக்கும் தெரியவில்லை என்று ஃபோர்மனிடம் சொன்னேன். “மகாஷ், மகாஷ்!” என்று அவர் கத்த, நான் மறுபடியும் எலக்ட்ரீஷியனைத் தேடிப் போனேன்.

அன்று மாலை ஒரு சூடானியர்தான் விளக்கினார். ‘கா’ என்றால் வந்தான். முன்னால் ‘மா’, பின்னால் ‘ஷ்’. மா-கா-ஷ்: வரவில்லை. எகிப்தியரின் மறுப்பு வினைச்சொல்லை இரண்டு பக்கமும் இடுக்கிபோலக் கவ்விக்கொள்கிறது. அந்த ‘ஷ்’, பொருள் என்று அர்த்தம் தரும் ‘ஷை’ தேய்ந்து வந்தது. ‘ஒன்றும் வரவில்லை’ என்று நாம் சொல்வதில் அந்த ‘ஒன்றும்’ வினையின் வாலில் ஒட்டிக்கொண்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். எதிர்காலத்துக்கு மட்டும் இடுக்கி பொதுவாக வராது, ‘மிஷ்’ தனியாக முன்னால் நிற்கும்: ‘மிஷ் ஹயீகி’, வரமாட்டான்.

இதற்கே தலை சுற்றியது. பிறகுதான் ‘பரூஹ்’ வந்தது. கத்தார்க்காரர் சொன்னால் போகப்போகிறேன், எகிப்தியர் சொன்னால் வழக்கமாகப் போகிறேன். சொல் ஒன்று, காலம் வேறு. யார் சொன்னார் என்று பார்த்துக்கொள்ளாமல் இரண்டு முறை ஸ்டோரைப் பூட்டிக்கொண்டு போய்த் திட்டு வாங்கியிருக்கிறேன்.

குவைத் நர்ஸ்:

உங்களுக்கு மகேஷ், எனக்கு ‘மூ’. இங்கே ‘மாஃபி’யைவிட ‘மாகு’தான் அதிகம். ‘அகு’ என்றால் இருக்கிறது, ‘மாகு’ என்றால் இல்லை, ஈராக்கிலும் அப்படித்தான். சேர்ந்த புதிதில் ஒரு மூதாட்டியின் வயிற்றில் கை வைத்து, இங்கே வலி இருக்கிறதா என்று கேட்டேன். “மூ ஹ்னி” என்றார். மூவும் மாகுவும் ஒன்றுதான் என்ற நினைப்பில், வலி இல்லை என்று குறித்துக்கொண்டேன். டாக்டர் வந்து கேட்டபோதும் பாட்டி அதையேதான் சொன்னார், ஆனால் இம்முறை முதுகைத் தொட்டுக் காட்டினார். ‘இங்கே அல்ல’ என்றுதான் அவர் முதலிலிருந்தே சொல்லியிருக்கிறார்.

மாகு என்றால் இல்லை, மூ என்றால் அல்ல. பேச்சில் நாம் இரண்டுக்கும் ‘இல்லை’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பள்ளியில் ‘அல்ல’ எழுத வேண்டிய இடத்தில் ‘இல்லை’ என்று எழுதி, தமிழாசிரியரிடம் சிவப்பு மை வாங்கியவள் நான். அந்தப் பாடத்தைக் கடைசியில் எனக்குப் புரியவைத்தவர் தமிழே தெரியாத ஒரு குவைத்துப் பாட்டி.

அவரிடம் இன்னொரு தவறும் செய்தேன். எழுந்திருக்காதீர்கள் என்று சொல்ல நினைத்து ‘லா தகூம்’ என்றேன். அது ஆணிடம் சொல்வது. பெண்ணிடம் ‘லா தகூமீன்’ என்று சொல்ல வேண்டும். தனக்கு மீசை இருக்கிறதா என்று மேலுதட்டைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு நான் அறைக்குள் போனாலே மீசையை முறுக்கிக் காட்டுவார்.

சந்தேகம் ஒன்று. அவருடைய மகன் போனில், அப்பா “காயித் யிம்ஷி” என்று சொன்னதைக் கேட்டேன். காயித் என்றால் உட்கார்ந்திருப்பவர் அல்லவா? உட்கார்ந்துகொண்டே எப்படி நடப்பார்?

துபாய், யாழ்ப்பாணத்துக்காரர்:

அக்கா, நீங்கள் தமிழில் எப்படி நடக்கிறீர்களோ அப்படித்தான். ‘நடந்துகொண்டிருக்கிறார்’ என்பதில் இருக்கும் ‘இரு’ என்ன? எங்கள் ஊரில் வீட்டுக்கு வருபவரிடம் ‘இருங்கோ’ என்றால் உட்காருங்கள் என்றுதான் அர்த்தம். எனக்கு இந்த ‘காயித்’ முதல் நாளே பிடிபட்டுவிட்டது. நான் எளிதாகக் கற்றுக்கொண்ட அரபி இலக்கணம் அது ஒன்றுதான்.

ஜித்தா, மதரஸாவில் ஓதியவர்:

நீங்கள் எல்லோரும் அரைகுறை அரபியால் பட்டீர்கள், நான் முழு அரபியால் பட்டேன். ஊர் மதரஸாவில் ஏழு ஆண்டுகள் நஹ்வு, ஸர்ஃபு என்ற அரபி இலக்கணப் பாடங்களை ஓதிவிட்டு வந்தவன். ‘லம்’ வந்தால் நிகழ்கால வினை இறந்தகால மறுப்பாகும், ‘லன்’ வந்தால் எதிர்கால மறுப்பு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கடையில் உடன் வேலை செய்பவர் எங்கே என்று ஒருவர் கேட்டார். “லம் யஃதி” என்றேன், வரவில்லை என்பதை ஏட்டு அரபியில். கடையே அமைதியாகிவிட்டது. பிறகு ஓர் இளைஞர், செய்தி முடிந்ததா, வானிலை உண்டா என்று கேட்டார். மதுரைச் சந்தையில் ‘அவன் வந்திலன்’ என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி. இங்கே ‘மா ஜா’ என்றால் போதும். தோஹா அண்ணன் தேடிய மகாஷும் இதே வினைதான். கெய்ரோவில் ‘ஜ’ ‘க’ ஆகிவிடும், வாலில் ‘ஷ்’ சேரும்.

கஷ்டப்பட்டு ஓதியது வீணாகிவிட்டதோ என்று அன்று வருத்தமாக இருந்தது. ஆனால் அரசு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தால் கடையில் எல்லோரும் என்னிடம்தான் கொண்டுவருகிறார்கள். வானிலை கேட்ட அந்த இளைஞரும்.

தோஹா ஸ்டோர் கீப்பர்:

ஜ, க விஷயம் இத்தனை நாளாகத் தெரியாது, நன்றி. அந்த ஃபோர்மனிடம் நான் கற்றுக்கொண்டதிலேயே பயனுள்ள சொல் ‘லிஸ்ஸா’. வேலை முடிந்ததா என்று கேட்டால் லிஸ்ஸா. இன்னும் என்றுதான் அர்த்தம். மா கிடையாது, ஷ் கிடையாது, ஆணா பெண்ணா என்ற கேள்வி கிடையாது, ஆனால் முடியவில்லை என்று அவருக்குப் புரிந்துவிடும். இன்று காலை சரக்குக் கணக்கு முடிந்ததா என்று கேட்டார். அதையேதான் சொன்னேன்.