முதுமலை தெப்பக்காடு யானை முகாம்: போய் வந்தவங்க பார்த்ததைப் போடுங்க

ராயபுரம் 13:
ரூட்டெல்லாம் தெரிஞ்சதுதான், நேரா சாயங்காலம் அஞ்சரைக்கு வரேன். யானைங்க மேடைக்கு முன்னாடி வரிசை கட்டியாச்சு. பலகையில ஒவ்வொரு பேருக்கும் நேரா ராகி, கொள்ளு, அரிசி, வெல்லம், உப்பு எவ்வளவுன்னு எழுதியிருக்கு. கூட்டம் மொத்தமும் குட்டியைப் போட்டோ புடிக்குது. ஓரத்துல நின்ன கெழட்டுப் பெண் யானையை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கல.

மாவுத்தர் ராகிக் கட்டியை உடைச்சு, கட்டைவிரலால குழி பண்ணி, மாத்திரையை உள்ள வெச்சு, வெல்லத்தால அடைச்சு உருட்டினார். அவ தும்பிக்கையைத் தூக்கி வாயைத் திறந்தா. கை மணிக்கட்டு தாண்டி உள்ள போச்சு. ரெண்டே மெல்லு. அப்புறம் உதட்டோரமா மாத்திரை இருந்த துண்டு மட்டும் பொத்துன்னு மண்ணுல விழுந்தது, மீதி ராகி உள்ள போயிடுச்சு! எப்படிப் பிரிச்சாள்?

அவர் திட்டல. அடுத்து ரெண்டு வெத்து உருண்டை. மூணாவதுல மாத்திரை. அது வாய்க்குள்ள போனதுமே நாலாவதைக் கண்ணு முன்னாடி காட்டினார். நாலாவது மேல இருந்த ஆசையில மூணாவது மெல்லாமலே இறங்கிடுச்சு. வீட்ல மாத்திரை துப்பற பசங்க இருக்கறவங்க குறிச்சு வெச்சுக்கோங்க.

தண்டையார்பேட்டை 81:
மேல சொன்னது சரி, ஆனா ஒண்ணு விட்டுப்போச்சு. அந்த ராகிக் களியை ஆடி மாசம் அம்மன் கோயில்ல ஊத்தற கூழ் பதம்னு யாரும் நினைச்சுக்காதீங்க. இது வெட்டி எடுக்கற கெட்டி. இளகினா மாத்திரை நிக்காது, களி விரலோடயே ஒட்டிக்கிட்டு வந்துடும். சூடாவும் கொடுக்க முடியாது, மேல ஆறியிருந்தாலும் கட்டி நடுவுல கொதிச்சிட்டிருக்கும். அதனால முன்கூட்டியே கிண்டி ஆறவிட்டுத்தான் மேடைக்கு வரும்.

கெழடுகளுக்குக் களி ஏன் முக்கியம்னா, பல்லு. யானைக்கு ஆயுசு முழுக்க ஆறு செட்டு கடைவாய்ப் பல்லுதான். ஒண்ணு தேயத் தேயப் பின்னாலருந்து அடுத்தது முன்னாடி தள்ளிட்டு வரும். கடைசி செட்டும் தேஞ்சுபோனா மூங்கிலு, மரப்பட்டை எல்லாம் அரையாது, சாணியில முழுசு முழுசா நாரு வரும். நல்ல பல்லு இருக்கற யானைக்கே தின்னதுல பாதிகூடச் செரிக்காது. வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்கு 150 முதல் 200 கிலோ பசுந்தீவனம் வேணும். மேடையில நாம பார்க்கறது சும்மா ஊட்டத்துக்கு. வயிறு ரொம்பறது காட்டுலதான்.

வியாசர்பாடி 39:
"ரூட்டெல்லாம் தெரிஞ்சதுதான்"னு ஒரே வரியில தள்ளிட்டீங்களே ராயபுரம். ரூட்டுலதான் பாதிப் பேரு கோட்டை விடறான். சாப்பாட்டு நேரம் காலையில எட்டரை ஒன்பது, சாயங்காலம் அஞ்சரை ஆறு, அவ்வளவுதான். நடுவுல போனா யானை காட்டுல மேயும், மேடை காலியா கிடக்கும்.

சென்னை சென்ட்ரல்ல நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினா விடிகாலை மேட்டுப்பாளையம். அங்கேருந்து பொம்மை ரயில் ஆசை வந்துச்சுன்னா ஊட்டி சேரவே மத்தியானம் ஆயிடும். 46 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம். பஸ்ஸுன்னா ரெண்டு மணி நேரம். ஊட்டியிலருந்து பைக்காரா, நடுவட்டம், கூடலூர் வழியா தெப்பக்காடு 67 கிலோமீட்டர். கல்லட்டி வழி பாதி தூரம்தான், ஆனா 36 கொண்டை ஊசி வளைவு, சரிவும் ஜாஸ்தி. பிரேக் சூடாகிப் பிடிக்காம போன கேஸு நிறைய. வெளியூர் வண்டியை அதுல இறங்க விடறதில்ல. டிஎன் 03, 04ன்னு நம்ம சென்னை நம்பரோட போய் செக்போஸ்ட்ல சண்டை போடாதீங்க.

நம்ம பக்கத்துக்கு மைசூரு வழிதான் லாபம். ராத்திரி சென்ட்ரல்ல காவேரி எக்ஸ்பிரஸ், காலையில மைசூரு. குண்டுலுப்பேட்டை, பந்திப்பூர் வழியா ஊட்டி போற பஸ்ஸுல தெப்பக்காட்டுக்கே டிக்கெட் எடுக்கலாம், சுமார் 90 கிலோமீட்டர். மத்தியானத்துக்கு முன்னாடி இறங்கிடலாம், சாயங்கால வரிசை நிச்சயம். கார்ல போறவங்களுக்கு மட்டும்: பந்திப்பூர் காட்டு ரோடு ராத்திரி 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். நீலகிரிக்கு இ-பாஸ் 2024 மே மாசத்துலருந்து கட்டாயம். இது எல்லாருக்கும்: பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் மாவட்டத்துக்குள்ளயே ஆகாது, சில்வர் பாட்டில் எடுத்துக்கோங்க. கிளம்பறதுக்கு முந்தின நாள் போன் போட்டு முகாம் திறந்திருக்கான்னு கேட்டுடுங்க. கோடையில காடு காஞ்சா தீ பயத்துல சஃபாரியை நிறுத்திடுவாங்க.

எண்ணூர் 57:
இன்னாபா இது, யானை பார்க்க வந்தா ரயில்வே அட்டவணை படிக்க வெச்சுட்டீங்க. மேட்டருக்கு வாங்க.

மேடையிலருந்து தள்ளி, மரத்தடியில ஒரு கொம்பன் தனியா கட்டியிருந்தது. கண்ணுக்கும் காதுக்கும் நடுவுல, நெத்திப் பொட்டுல, தார் ஒழுகின மாதிரி ஒரு கோடு. வாயோரம் வரைக்கும் இறங்கி ஈ மொய்க்குது. பின்னங்கால் உள்பக்கம் முழுக்க ஈரம், மூத்திரம் சொட்டு சொட்டா வந்துட்டே இருக்கு. அதான் மதம். ஒரு வேன் கும்பல் அதைப் பார்த்து "ஐயோ பாவம், அழுவுதுபா"ன்னு வாழைப்பழத்தை எடுத்துக்கினு கயிறு கிட்ட போச்சு. காவடி, அதான் மாவுத்தரோட உதவியாளர், ஓடி வந்து கையைப் புடிச்சு இழுத்தார். அவர் முகம் வெளுத்துப்போச்சு, யானை மட்டும் அசையவே இல்ல. அந்த அசையாததுதான் இன்னிக்கும் கண்ணுல நிக்குது.

மதத்துல யானை சும்மா நின்னா அடங்கிடுச்சுன்னு அர்த்தமில்ல. சாதாரணமா யானை காதை வீசிட்டே இருக்கும், உடம்பு சூட்டை ஆத்தறதே அதாலதான். காது நின்னுடுச்சுன்னா எதையோ கவனிக்குதுன்னு அர்த்தம். அந்த நேரத்துல சொந்த மாவுத்தரே நேரா நெருங்க மாட்டார், தீனியைத் தூரத்துலருந்து தள்ளி விடுவாங்க. சத்தான தீனியையும் குறைச்சிடுவாங்க, வாரக்கணக்குல, சிலதுக்கு மாசக்கணக்குல. பெண் யானைக்கு இது கிடையாது. கொம்பு இல்லன்னா பெண்ணுன்னும் நினைக்காதே, மக்னான்னு கொம்பில்லாத ஆணும் உண்டு. அதுக்கும் மதம் வரும்.

திருவொற்றியூர் 19:
முகாம் யானை முகாம் யானைதான். கூட்டமாகப் பார்க்க வேண்டுமென்றால் இலங்கை. விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது, கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் போய்ச் சேர்வதைவிடச் சீக்கிரம் கொழும்பு வந்துவிடும். பின்னவலை 1975இல் அனாதைக் குட்டிகளுக்காகத் தொடங்கிய இடம். கொழும்பிலிருந்து ரம்புக்கனை வரை ரயில், அங்கிருந்து ஆட்டோ. மந்தை தெருவைக் கடந்து மகா ஓயா ஆற்றுக்குக் குளிக்க இறங்கும், இரு பக்கமும் கடைக்காரர்கள் படியில் ஏறி நின்றுகொள்வார்கள். ஆனால் கண்ணில் நிற்பது மின்னேரியா குளம்தான். ஆகஸ்டு, செப்டம்பரில் குளம் வற்றி, வற்றிய தரையில் புதுப்புல் முளைக்கும். அதற்காகச் சுற்றுக் காடுகளிலிருந்து யானைகள் இறங்கும். மதியத்துக்கு மேல் ஜீப்பில் போக வேண்டும். அங்கே ஒரு தாய் புல்லைப் பிடுங்கியதும் வாயில் வைக்கவில்லை. முன்னங்காலில் நாலு தட்டுத் தட்டி, வேரிலிருந்த மண்ணை உதறிவிட்டுத்தான் தின்றது. பக்கத்துக் குட்டியும் தட்டிப் பார்த்தது. புல் நழுவி விழுந்துகொண்டே இருந்தது. அரை மணி நேரம் அதே வேலை. சங்கிலியில் நிற்கும் யானை இதைக் காட்டாது.

ராயபுரம் 13:
திருவொற்றியூர் அண்ணே, குட்டி புல்லு தட்டினது சூப்பர். ஆனா சங்கிலிப் பேச்சு முழுசா சரியில்ல. தெப்பக்காட்டுல ராத்திரி யானையைக் காட்டுல மேய விடுவாங்க, கால்ல நீளச் சங்கிலி இழுபடும். காலையில மாவுத்தரும் காவடியும் அந்த இழுபட்ட தடத்தைப் புடிச்சுத்தான் தேடிப் போய்க் கூட்டிட்டு வருவாங்க. அப்புறம் மாயாற்றுல குளியல், அப்புறம் மேடை. ராத்திரி காட்டுக் கொம்பனோட சேர்ந்து முகாம் யானைங்க சினையாறதும் உண்டு.

வாஷர்மேன்பேட்டை 21:
முகாமைப் பத்தியே பேசறீங்க. ஆபத்து முகாம்ல இல்ல, வெளிய ரோட்டுல. ஆறு மணிக்கு மேடை முடிஞ்சதும் எல்லாரும் மசினகுடி பக்கம் வண்டியை விடுவாங்க, காட்டு யானை ரோடு தாண்டறதும் அதே இருட்டற நேரத்துலதான். வளைவு தாண்டினதும் ரோட்டோரம் ஒரு பெண் யானை, கால் நடுவுல குட்டி. முன்னாடி போன பைக் பத்தடி தள்ளி நின்னு ஹாரன் அடிச்சான். அவ காதை விரிச்சு, தலையைத் தூக்கி, பிளிறிக்கிட்டு நாலு எட்டு வந்து டக்குன்னு நின்னுட்டா. புழுதி மட்டும் பைக் மேல வந்து விழுந்தது. அது மிரட்டல். காது பின்னாடி ஒட்டி, தும்பிக்கையை உள்ள சுருட்டி, சத்தமில்லாம வந்தா அது மிரட்டல் இல்ல.

குறைஞ்சது அம்பது மீட்டர் முன்னாடியே நிறுத்துங்க. ஹாரன் கூடாது, லைட்டை அடிச்சு அடிச்சு அணைக்கக் கூடாது, கீழ இறங்கவே கூடாது. பின்னாடி வண்டி ஒட்டி நிக்காம பார்த்துக்கோங்க, ரிவர்ஸுக்கு வழி இருக்கணும். ஒண்ணு தாண்டிடுச்சேன்னு உடனே கிளம்பாதீங்க, புதருக்குள்ள மிச்சக் கூட்டம் இருக்கும். குட்டி ஒரு பக்கம், தாய் ஒரு பக்கம்னு நடுவுல மாட்டறது இப்படித்தான். பைக்ல போறவங்க வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிடுங்க.

அப்புறம் எம்.சி. ரோட்டுல இதுக்குன்னு ராணுவப் புள்ளி போட்ட டிரஸ் வாங்கற தம்பிங்களுக்கு: மங்கின கலர்ல ஒரு பழைய சட்டை போதும்.

எண்ணூர் 57:
வாழைப்பழம் பையில வெச்சிருந்தா யானைக்கு முன்னாடி குரங்கு எடுத்துக்கும்பா, அதையும் எழுது.

தண்டையார்பேட்டை 81:
வியாசர்பாடி, ஒரு சந்தேகம். ஆறு மணிக்கு மேடை முடிஞ்சதும் கார் இல்லாதவங்க திரும்பறது எப்படி? நீங்க வர்ற வழி மட்டும்தான் எழுதியிருக்கீங்க.

வியாசர்பாடி 39:
அன்னிக்கே மைசூரு திரும்பலாம்னு நினைக்காதீங்க. 9 மணி கேட் இருக்கறதால மைசூரு பஸ் சீக்கிரமே முடிஞ்சிடும். ராத்திரி கூடலூர்ல தங்குங்க, 18 கிலோமீட்டர்தான். பாலத்துகிட்ட, டிக்கெட் ஆபீஸ் முன்னாடி வெளிச்சத்துல நில்லுங்க, கூடலூர் பஸ்ஸுக்குக் கையைக் காட்டினா நிக்கும். அடுத்த பஸ்ஸு வரட்டும்னு விட்றாதீங்க, முதல்ல வர்றதுல ஏறிடுங்க. ஸ்டாண்டிங்னாலும் ஏறுங்க.